பிரித்துப் பின்னிய கோழிக்குஞ்சு

டிரைவிங் ஸ்கூல் காரில் பிரேக் இரண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில். இன்னொன்று பக்கத்து இருக்கையில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் இருபத்துநாலு வருஷமாக வலது காலை வைத்திருப்பவர்தான் நம் ஆள். அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்ட அத்தனை பேருக்கும் அவர் பிரேக் மாஸ்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று லைசென்ஸில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

சும்மா இருப்பது மாஸ்டருக்கு வராத வித்தை. டிவியில் ஒரு வண்டி வேகமாக வந்தால் வீட்டுச் சோபாவில் இருந்தபடி அவர் வலது கால் தரையை அமுக்கும். மனைவி பாலை அடுப்பில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினாலும் அமுக்கும். தூக்கத்திலும் உண்டு. "கனவுல யாருங்க ஓட்டுறாங்க? கட்டில் ஆடுது" என்பாள் அவள். காலுக்கு பிரேக் என்றால் கைக்கு சிகரெட். ஒருவர் இறங்கி அடுத்தவர் வந்து ஏறுகிற இடைவெளியில் ஒன்று. யாராவது சுவரில் மோதப் பார்த்தால் கூடுதலாக ஒன்று. சுவருக்குப் பஞ்சமில்லாத ஊர் அது.

அந்த வலது காலில்தான் வினை வந்து உட்கார்ந்தது. நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது, நின்றால் விட்டது. நூறு அடிக்கு ஒரு தடவை நின்று, கடைக் கண்ணாடியில் எதையோ பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு சமாளித்தார். ஒருநாள் பெண்கள் உள்ளாடைக் கடை வாசலில் அப்படி இரண்டு நிமிஷம் நின்றதை மனைவியின் தோழி பார்த்துவிட்டாள். விஷயம் வெளியே வந்தது அப்படித்தான். அதற்குள் சுண்டுவிரல் ஓரத்தில் மிளகளவு ஒரு புண், இரண்டு மாதமாக ஆறாமல் கிடந்தது.

ரத்தக்குழாய் டாக்டர் வார்த்தையைச் செலவு செய்யாத மனிதர்.

"காலுக்கு ரத்தம் போற குழாய் அடைச்சிருக்கு. வேற குழாய் வச்சுத் தைக்கணும். நீங்க புகை பிடிச்சா அதுவும் அடைக்கும். ஆறு வாரம் ஒண்ணுகூடப் பிடிக்காம வாங்க, ஆபரேஷன் தேதி தரேன். ஒண்ணு பிடிச்சாலும் மறுபடி முதல்லேருந்து ஆறு வாரம்."

"ஆபரேஷன் பண்ணிக்கலேன்னா?"

"விரல்ல ஆரம்பிச்சு மேல வெட்டிக்கிட்டே வரணும்."

மாஸ்டர் ஆஸ்பத்திரி வாசல் குப்பைத் தொட்டியில் பாக்கெட்டை வீசினார். அன்று சனிக்கிழமை. வீசும்போது வீராப்பாகத்தான் வீசினார். வீராப்பு ஞாயிறு மத்தியானம் வரை தாங்கியது.

அதன் பிறகு வீட்டுக்குள் குட்டி போட்ட பூனையாக அலைந்தார். இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள மாடி வீடு, அலைய எவ்வளவு இடம் இருக்கும்? கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டார். செருப்புகளை அளவு வாரியாக அடுக்கினார். ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டி ஒழுக வைத்தார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டுவிட்டு, அங்கே எதுவும் இல்லை என்று தெரிந்து, ஏமாந்த கடன்காரன் மாதிரி திரும்பி வந்தது.

மனைவி சமையலறை மேசையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே பின்னிக்கொண்டிருந்தாள். பிரசவ ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற கடைக்கு அவள் கோழிக்குஞ்சு பொம்மை பின்னிக் கொடுக்கிறவள். மஞ்சள் நூலில் கைப்பிடி அளவு உடம்பு, ஆரஞ்சு நூலில் அலகு. கண்ணுக்கு மணியோ பொத்தானோ வைக்க மாட்டாள். பிய்ந்து குழந்தை வாய்க்குள் போய்விடும் என்று கறுப்பு நூலாலேயே இரண்டு தையல். வாரத்துக்கு முப்பது கோழிக்குஞ்சு. ஒன்று போல் ஒன்று. பதினெட்டு வருஷத்தில் கடைக்காரர் ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பியதில்லை.

குழாய் ஒழுக ஆரம்பித்த கையோடு எழுந்து வந்து, ஒரு கொக்கி ஊசியையும் நூல் உருண்டையையும் அவர் மடியில் போட்டாள்.

"இந்தாங்க. வாய் கேக்கறதை என்னால தர முடியாது. கைக்கு ஏதாவது குடுத்து வைங்க. வீட்ல இன்னும் ரெண்டு குழாய் நல்லா இருக்கு."

கோழிக்குஞ்சை உச்சந்தலையிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு வளையம், அதில் ஆறு கண்ணி. அடுத்த சுற்றில் பன்னிரண்டு, பிறகு பதினெட்டு, இருபத்துநாலு. அப்புறம் கூட்டாமல் குறைக்காமல் சுற்றிக்கொண்டே வந்தால் தலை. குறைத்தால் கழுத்து, மறுபடி கூட்டினால் வயிறு. உள்ளே பஞ்சை அடைத்து அடியில் மூடிவிட்டால் வேலை முடிந்தது. சுற்று எங்கே தொடங்கியது என்பதற்கு அடையாளமாக வேறு நிற நூல் ஒரு துண்டைச் செருகிக்கொண்டே வர வேண்டும். மாஸ்டர் அதை மறந்துவிட்டார். அவருடைய முதல் கோழிக்குஞ்சு, டெஸ்டில் தோற்றவன் மாதிரி ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

அது போகட்டும், பழகப் பழக வந்துவிடும். இறுக்கம்தான் பெரிய பாடாக இருந்தது. சிகரெட் கேட்கிற கை நூலை என்ன பாடு படுத்தும் என்று அவருக்கே அதுவரை தெரியாது. கண்ணிகள் கல்லாக இறுகி, அடுத்த சுற்றுக்குக் கொக்கி உள்ளே நுழையவே இல்லை.

"நூல் கழுத்தை ஏன் நெரிக்கிறீங்க? அது உங்களை என்ன பண்ணுச்சு?" என்றாள் மனைவி. பொம்மையை மேசையில் தட்டிப் பார்த்தாள். டொக் என்றது. "இதைத் தூக்கி யார் மேலயாவது எறிஞ்சா போலீஸ் வரும்."

ஆனால் மாஸ்டர் விடவில்லை. விட்டால் கை சட்டைப் பைக்குப் போகும். ஒரு வாரத்தில் நேராக நிற்கிற கோழிக்குஞ்சு வந்தது. இரண்டாம் வாரத்தில், கடைக்கு இல்லாவிட்டாலும் காரின் டாஷ்போர்டில் வைக்கிற அளவுக்கு ஒன்று வந்தது. தினமும் சாயங்காலம் அவர் பின்னியதை வாங்கி அவள் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அது.

"இந்த இடத்துல என்ன ஆச்சு?" கட்டைவிரலால் ஒரு சுற்றைத் தொட்டுக் காட்டுவாள்.

"எந்த இடத்துல?"

"கழுத்துக்கு மேல மூணாவது சுத்து. முறுக்கிக்கிட்டு நிக்குது. யாரையோ திட்டியிருக்கீங்க."

அவர் யோசித்துப் பார்ப்பார். அந்த நேரத்தில் முதலாளி போன் செய்து பெட்ரோல் கணக்குக் கேட்டிருப்பார். மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜோசியக்காரன் கை ரேகை பார்ப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறார். கையையே பார்க்காமல், கை பின்னிப் போட்டதைப் பார்த்துச் சொல்கிறவளோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

நூல் பை காருக்கும் போனது. ஓடுகிற வண்டியில் இல்லை, அவ்வளவு விவரம் கெட்டவர் இல்லை அவர். காலி மைதானத்தில் ரிவர்ஸ் எடுக்கவும் வளைக்கவும் பழக்குகிறபோது மட்டும், கால் பிரேக்கின் மேலும் கை நூலின் மேலும். அப்போது அவரிடம் கற்றுக்கொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டரம்மா. ஐம்பது வயது. அடுத்தவர் வாய்க்குள் மெஷினை விடும்போது நடுங்காத கை ஸ்டியரிங்கைத் தொட்டால் நடுங்கும். மூன்று தடவை டெஸ்டில் தோற்றவர். மூன்று தடவையும் அவருக்காக மாஸ்டர்தான் அதிகம் வருத்தப்பட்டார், கூடவே அதிகம் புகைத்தார்.

"மாஸ்டர், நீங்க பின்னிக்கிட்டே இருங்க" என்றார் அந்த அம்மா ஒருநாள். "நீங்க என் கையைப் பார்க்காம இருந்தா எனக்கு நல்லா வருது."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அந்த அம்மா பிரேக்கை நினைப்பதற்கு முன்னாலேயே இவர் கால் அமுக்கிவிடும், அதுதான் இத்தனை நாள் நடந்தது. இப்போது இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று கண்ணியை எண்ணுகிற நேரத்தில் கால் கொஞ்சம் பிந்துகிறது. அந்தச் சின்ன இடைவெளியில் டாக்டரம்மா தானே பிரேக் போடப் பழகிவிட்டார். இருபத்துநாலு வருஷமாக எத்தனை பேரைப் பழகவிடாமல் செய்தோமோ என்று மாஸ்டர் யோசித்தார். யோசித்த சுற்று இறுகிப்போனது. சாயங்காலம் மனைவி அதையும் கேட்டாள்.

முப்பத்தொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, டாக்டரம்மாவுக்கு நான்காவது டெஸ்ட். மாஸ்டர் மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு பின்னினார். தலை முடிந்து கழுத்து வரை வந்திருந்தது. வண்டி வளைவில் திரும்பியது, மேட்டில் நின்றது, பின்னால் நகராமல் ஏறியது. ரிவர்ஸில் ஒரு கம்பத்தைக்கூட உரசாமல் வந்து நின்றது. ஆபீசர் தாளில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்ததும் டாக்டரம்மா கதவைத் திறந்து ஓடி வந்தார், ஐம்பது வயதில் யாரும் அப்படி ஓடி மாஸ்டர் பார்த்ததில்லை. "மாஸ்டர், பாஸ்! பாஸ் மாஸ்டர்!" அவர் கண்ணிலும் தண்ணீர், இவர் கண்ணிலும் தண்ணீர்.

துக்கம் வந்தால் என்ன செய்வது, கோபம் வந்தால் என்ன செய்வது என்றெல்லாம் மாஸ்டர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். சந்தோஷத்துக்கு ஏற்பாடு எதுவும் இல்லை. டாக்டரம்மா தாளை வாங்க ஆபீசுக்குள் போனார். "கலக்கிட்டீங்க மாஸ்டர்!" என்று இன்னொரு ஸ்கூல்காரர் தோளில் தட்டி ஒன்றை நீட்டினார். இவர் வாங்கினார். பற்றவைத்தார். பாதி முடிந்த பிறகுதான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் மீதிப் பாதியை முடித்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிறகு காரில் உட்கார்ந்து கோழிக்குஞ்சை எடுத்தார். கை என்ன அழகாக ஓடியது! கொக்கி வழுக்கிக்கொண்டு போய் வழுக்கிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா வேலையை முடித்துக்கொண்டு வருவதற்குள் வயிறு முடிந்து பஞ்சும் அடைத்தாகிவிட்டது. அவரை கிளினிக்கில் இறக்கிவிட்டு, டாஷ்போர்டில் நிமிர்ந்து நின்ற பொம்மையைப் பார்த்தார். தலை கல்லு மாதிரி. கழுத்துக்குக் கீழே கண்ணிகள் தொளதொளவென்று விட்டு, இடுக்கில் பஞ்சு வெள்ளையாகத் தெரிந்தது. இதற்கு, பிடித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டே கொடுத்திருக்கலாம்.

வாசனைக்கு அவரிடம் பதில் இருந்தது. டெஸ்ட் மைதானத்தில் எல்லோரும் ஊதுகிறார்கள், சட்டையில் ஒட்டாதா? பொம்மையின் வயிற்றுக்குத்தான் பதில் இல்லை. மரநிழலில் காரை நிறுத்தினார். பஞ்சைப் பிடுங்கினார். கழுத்து வரை சரசரவென்று பிரித்தார். அதே நூலை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு கண்ணியையும் இழுத்து இழுத்து இறுக்கி, வயிற்றை மறுபடி பின்னினார். வீட்டுக்கு இரண்டு மணி நேரம் தாமதம். டெஸ்ட் லேட் என்றார்.

மனைவி வழக்கம்போல் விளக்கடிக்குக் கொண்டு போனாள். திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் வயிற்றின் மேல் கொஞ்ச நேரம் நின்றது.

"டாக்டரம்மா பாஸா?"

"பாஸ்."

"ரொம்ப சந்தோஷமா இருந்திருக்குமே."

"ஆமா."

"நல்லா வந்திருக்கு" என்று சொல்லி, ஊசியில் கறுப்பு நூலைக் கோத்துக் கண் தைக்க ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான். மாஸ்டருக்கு அதற்கப்புறம் இருப்புக் கொள்ளவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், அவருக்கு நெஞ்சு, கை, கால், காது மடல் எல்லாமே குறுகுறுத்தது. அவள் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் தெரிந்துவிட்டது என்று நினைப்பார். மெதுவாக வைத்தால் நிச்சயமாகத் தெரிந்துவிட்டது என்று நினைப்பார். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை சமையலறை வாசல் வரை போய், மூன்று தடவையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினார். அந்த ஒன்றுக்குப் பிறகு இன்னொன்றைத் தொடவில்லை, பயத்திலேயே தொடவில்லை. நாளுக்கு ஒன்று என்று கோழிக்குஞ்சுகள் வந்தபடி இருந்தன.

புண்ணும் சும்மா இருக்கவில்லை. மிளகளவில் இருந்தது பட்டாணி அளவுக்கு வந்து, ஓரம் கறுக்கத் தொடங்கியது. தினமும் காலையில் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக் கட்டு மாற்றுவாள். அப்போது அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போடுவார். சொன்னால் மறுபடி ஆறு வாரம், அத்தனை நாள் இந்த விரல் இருக்காது. சொல்லாவிட்டால் உடனே ஆபரேஷன். பதினோரு நாளைக்கு முந்தின ஒரே ஒரு சிகரெட், யாருக்குத் தெரியப்போகிறது? புதுக் குழாயும் அடைக்கும் என்று டாக்டர் சொன்னது அந்த இடத்தில் வந்து இடிக்கும். கணக்கை முதலிலிருந்து தொடங்குவார்.

நாற்பத்திரண்டாம் நாள், சனிக்கிழமை. டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"தள்ளிப்போட வேண்டாம். இன்னிக்கே அட்மிட் ஆகுங்க, திங்கட்கிழமை பண்ணிடலாம்." பேனாவை எடுத்தார். "நடுவுல ஒண்ணுகூட இல்லைல்ல?"

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அது நுனி நாக்கு வரை வந்து நின்றது. மாஸ்டரின் கையில் அப்போது நூல் இல்லை, ஊசி இல்லை, வெறுங்கை. பொய் சொல்வதற்கும் கைக்கு ஏதாவது வேண்டும் போலிருக்கிறது. மனைவி பக்கத்து நாற்காலியில், பழைய கட்டுத்துணியை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். அவருக்குப் பயமாக இருந்தது. விரலைப் பற்றிய பயம் இல்லை அது.

"ஒண்ணு பிடிச்சுட்டேன் டாக்டர்" என்றார்.

டாக்டர் பேனாவை மூடினார். "ஒண்ணுன்னு சொல்றவங்க பத்தாச்சும் பிடிச்சிருப்பாங்க. இன்னிலேருந்து மறுபடி ஆறு வாரம். விரலுக்கு நான் பொறுப்பில்லை."

"ஒண்ணுதான் டாக்டர்" என்றாள் மனைவி.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"போன வாரம் செவ்வாய்க்கிழமை. மத்தியானம். அதுக்கு முன்னாடியும் கிடையாது, பின்னாடியும் கிடையாது. செவ்வாய்க்கிழமையிலேருந்து எண்ணுங்க."

"நீங்க கூட இருந்தீங்களா?"

"இல்ல. ஆனா தினம் இவர் கைவேலையை நான் பார்க்கிறேன். அந்த ஒரு நாள் தவிர கை மாறவே இல்ல. நான் பொய் சொல்லல டாக்டர். சொல்றதா இருந்தா இவர் சொல்றதுக்கு முன்னாடியே இல்லைன்னு சொல்லியிருப்பேன்."

டாக்டர் காலண்டரைத் திருப்பி விரலை வைத்து எண்ணினார். "முப்பத்தோரு நாள்" என்றார். "வாரம் ரெண்டு தடவை வந்து கட்டு மாத்திக்கணும். கறுப்பு மேல ஏறுனா உடனே வரணும், அப்ப நாள் பார்க்க முடியாது."

வெளியே வந்தார்கள். பஸ் நிறுத்தத்துக்கு இருநூறு அடி. எண்பதாவது அடியில் மாஸ்டரின் கால் இழுத்தது, நின்றார். இந்தத் தடவை எந்தக் கடைக் கண்ணாடியையும் பார்க்கவில்லை. அவளும் நின்றாள்.

"எப்படித் தெரியும்?"

"பிரிச்ச நூல் நெளிஞ்சுதான் கிடக்கும். எவ்வளவு இழுத்துப் பின்னினாலும் நெளிவு போகாது. தலை புது நூல், வயிறு மட்டும் பிரிச்ச நூல். கை தளர்ந்ததை மறைக்கத் தவிர வேற எதுக்குப் பிரிப்பீங்க?"

"அன்னிக்கே கேட்டிருக்கலாம்ல? பதினோரு நாள் நான் பட்ட பாடு..."

"கேட்டா அடுத்த தடவை புது நூல் எடுத்துப் பின்னிக் கொண்டு வந்திருப்பீங்க."

அன்று மரநிழலில் மாஸ்டர் அதைத்தான் முதலில் யோசித்தார், பையில் வேறு உருண்டை இருக்கவில்லை. கால் வலி விட்டது. ஆனாலும் அவர் நகரவில்லை.

"உள்ள நான் இல்லைன்னு சொல்லியிருந்தா?"

அவள் கைப்பையின் வாரைத் தோளில் சரி செய்துகொண்டாள்.

"நான் எந்திரிச்சு சொல்லியிருப்பேன். அதுல எனக்கு சந்தேகமே இல்ல. சொல்லிட்டு, உங்ககூட ஒரே பஸ்ல எப்படி வீட்டுக்கு வர்றதுன்னுதான் காலைலேருந்து தெரியலை."